போர்டிகோ தரையிலும் ஸ்பேனர் செட்டிலும் படிந்த ஆயில், கிரீஸை எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பைக்கோ காரோ நிறுத்தும் இடத்தில் ஆயில் சொட்டியிருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது, ஹோஸ் பைப்பை எடுத்துத் தண்ணீர் அடிப்பது. கறை பெரிதாவதே அதனால்தான். ஆயில் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே நகரும், உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது மூன்றடிக்குப் பரவும், பரவிய இடத்திலெல்லாம் சிமென்ட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கும். தண்ணீர் கடைசியில்தான் வர வேண்டும். முதலில் அள்ள வேண்டும், அப்புறம் கரைக்க வேண்டும், கரைந்ததையும் அள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் கழுவல். தரைக்கும் இதே வரிசைதான், ஸ்பேனருக்கும் இதே வரிசைதான்.

வீட்டு போர்டிகோவையும், வாசலில் ஒரு ஷெட் போட்டு நடத்தும் சின்ன டூவீலர் ஒர்க்‌ஷாப்பையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய சர்வீஸ் சென்டரின் இயந்திரங்கள் எதுவும் தேவையில்லை.

சொட்டியது எது என்று முதலில் பாருங்கள்

வண்டியிலிருந்து சொட்டுவதெல்லாம் ஒன்றல்ல. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், சொட்டு விழுந்த இடமும் நிறமும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழுவழுவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ நீர்த்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டாக இருக்கலாம். தெளிவாக, லேசான மஞ்சளில், சக்கரத்துக்குப் பக்கத்திலோ பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழேயோ விழுந்திருந்தால் பிரேக் ஆயிலா என்று சந்தேகப்படுங்கள். அப்படியானால் கறையை விட்டுவிட்டு முதலில் மெக்கானிக்கிடம் போங்கள்.

பிரேக் ஆயில் என்று பேரே தவிர, நம் ஊர் வண்டிகளில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 வகைகள் நாம் நினைக்கிற எண்ணெய் அல்ல, தண்ணீரில் கரையும். கூலன்ட்டும் அப்படித்தான். இந்த இரண்டையும் துணியால் ஒற்றி எடுத்த பிறகு சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே போய்விடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் டேங்க், மட்கார்டு மேல் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். கூலன்ட்டில் வேறு ஆபத்து இருக்கிறது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்டது, தெருநாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். அதனால் கூலன்ட் சொட்டியிருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஒழுகலை நிறுத்தாமல் தரையைத் தேய்ப்பது வீண் வேலை. ஆயில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டு முறுக்குவது, ஃபோர்க் ஆயில் சீல் கிழிந்திருப்பது, செயினுக்கு அளவில்லாமல் லூப் (வழவழப்பு ஸ்பிரே) அடிப்பது, டூவீலரில் பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் தரை எந்த வகை

சிமென்ட் தரையும் பேவர் பிளாக்கும் ஆயிலைக் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் வழியாக ஆயில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே எவ்வளவு தேய்த்தாலும் ரெண்டு நாளில் கறை திரும்பத் தலைகாட்டுவது அதனால்தான். விட்ரிஃபைடு டைல்ஸ் குடிக்காது, ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் கோடு குடிக்கும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் பட்டால் அரித்துப் பளபளப்பு போய்விடும். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரைக்குக் கடுமையான எதுவும் ஆகாது, மண்ணெண்ணெய் ஊற்றினால் காலங்காலமாக ஏறிய மெருகே கரைந்துவிடும்.

பேவர் பிளாக் போட்டவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கறை பட்ட கல்லை நெம்பி எடுத்துத் திருப்பிப் போடுங்கள், அல்லது வண்டிச் சக்கரம் போகாத ஓரத்துக் கல்லோடு இடம் மாற்றுங்கள். நாலு கல்லுக்காக அரை நாள் தேய்ப்பதைவிட இது மேல்.

புதிதாகச் சிந்திய ஆயில்

சிந்திய உடனே மேலே ஏதாவது உறிஞ்சும் பொருளைக் கொட்டுங்கள். மரப்பட்டறையில் சாக்குக் கணக்கில் கிடைக்கும் மரத்தூள்தான் என் முதல் தேர்வு. இல்லையென்றால் காய்ந்த மணல், எம்சாண்ட், அடுப்புச் சாம்பல், கட்டிட வேலையில் மிஞ்சிய சிமென்ட் எதுவானாலும் சரி. கறையின் வெளி ஓரத்தில் வளையம் போலக் கொட்டி, அப்புறம் உள்பக்கம் நிரப்புங்கள். நடுவில் கொட்டித் தள்ளினால் ஆயில் வெளிப்பக்கம் ஓடும். பழைய தென்னந்துடைப்பத்தால் லேசாக அழுத்தித் தேய்த்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் கூட்டி அள்ளிப் பார்த்தால் பெரும்பகுதி அதிலேயே வந்திருக்கும். ஈரமாக இருந்தால் இன்னொரு முறை போடுங்கள்.

கிரீஸுக்கு இது பலிக்காது. கிரீஸ் என்பது லித்தியம் சோப்பில் பிடித்து வைத்த ஆயில், அது ஓடாது, தூளுக்குள் இறங்காது. வெந்நீர் ஊற்றினாலும் உருகாது, சாதாரண லித்தியம் கிரீஸ் இளகவே 180 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் போக வேண்டும். அதனால் பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டித் தகட்டால் வழித்து எடுத்து, மிச்சத்தைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள்.

சிமென்ட்டில் ஊறிய பழைய கறை

இங்கேதான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், அதில் பாதி தரையைக் கெடுக்கும். எல்லோரும் முதலில் கைவைப்பது பாத்ரூம் ஆசிட். ஊற்றியதும் பொங்கி நுரைக்கும், கழுவினால் வெள்ளையாகத் தெரியும், உடனே வேலை செய்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் ஆசிட் ஆயிலைத் தொடுவதே இல்லை. அது கரைத்தது உங்கள் தரையின் சிமென்ட்டை. மேல் தோல் போய்ச் சொரசொரப்பான தரை வரும், அடுத்த சொட்டு முன்னைவிட வேகமாக உள்ளே இறங்கும்.

அடுத்தது காஸ்டிக் சோடா. சமையல் எண்ணெய்க் கறைக்கு அது நன்றாக வேலை செய்யும், காரணம் அந்த எண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறும். இன்ஜின் ஆயில் பூமிக்கடியில் இருந்து எடுத்த கனிம எண்ணெய், காரத்தில் சோப்பாகாது. சமையலறையில் பலித்ததே என்று காஸ்டிக்கைக் கொண்டுவந்து கொட்டினால் கையும் கண்ணும் வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். இதற்குத் தேவை ஆயிலைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் பிடித்து வைக்கும் டிடர்ஜென்ட், அதற்குத் துணையாக வாஷிங் சோடா.

பத்து லிட்டர் வாளியில், கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் எடுத்து, நூறு கிராம் வாஷிங் சோடாவும் ஐம்பது கிராம் துணி சோப்புத் தூளும் கரையுங்கள். கறையின் மேல் முதலில் கொஞ்சம் சோப்புத் தூளை அப்படியே தூவி, இந்தத் தண்ணீரை ஒரு மக் மட்டும் ஊற்றி, கெட்டியான பிளாஸ்டிக் பிரஷால் குழம்பு மாதிரி ஆகும்வரை தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், உடைந்து விழும் கம்பித் துணுக்குகள் தரையில் துருக்கறை போட்டுவிடும். தேய்த்ததும் கழுவிவிடாமல் இருபது நிமிடமாவது ஊற விடுங்கள், நடுவில் காய்ந்தால் மறுபடி நனையுங்கள். அப்புறம் அந்தக் கறுப்புக் குழம்பை மரத்தூள் போட்டோ பழைய துணியாலோ அள்ளி எடுத்துவிடுங்கள். இதை அள்ளாமல் பைப்பைத் திறந்துவிட்டால் உடைத்து எடுத்த ஆயிலை நாமே பக்கத்துத் தரைக்கு ஊட்டுகிறோம். அள்ளிய பிறகு சுத்தமான தண்ணீர் கொஞ்சமாக ஊற்றித் துடைத்துக் காய விடுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும், முதல் சுற்றிலேயே சலித்துக்கொள்ளாதீர்கள்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் அள்ளிய பிறகு கடைசியில் பயன்படுத்தலாம். ஆரம்பத்திலேயே பச்சைத் தண்ணீரை வேகமாக அடித்தால் ஆயில் சுவரிலும் ஏறும்.

அப்புறமும் போகாத கறைக்குப் பத்துப் போடுங்கள்

ஆழமாக ஊறிய கறைக்கு மேலேயிருந்து தேய்ப்பது போதாது, உள்ளே இருப்பதை மேலே இழுக்க வேண்டும். உடம்பு வலிக்குப் பத்துப் போடுவது போலத்தான் இதுவும். பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரை, அங்கேயே வாங்கிய மினரல் டர்பன்டைனோடு சேர்த்துத் தோசை மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, கறையைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே போகும்படி அரை அங்குலக் கனத்தில் அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். டர்பன்டைன் உள்ளே இறங்கி ஆயிலைக் கரைக்கும். மறுநாள் ஷீட்டை எடுத்துவிட்டால் டர்பன்டைன் மேல்பக்கமாக ஆவியாகும், போகும்போது கரைந்த ஆயிலையும் பவுடருக்குள் இழுத்து வந்து விட்டுவிடும். முழுக்கக் காய்ந்து வெடித்ததும் தகட்டால் சுரண்டுங்கள், பவுடர் பழுப்பேறியிருப்பதைப் பார்த்தாலே எவ்வளவு வந்தது என்று தெரியும். சாக் பவுடர் கிடைக்காவிட்டால் கல் கோலமாவும் ஆகும், ஆனால் அது கொரகொரப்பு, இழுப்பது குறைவு.

இதற்குப் பிறகும் ஒரு மங்கலான சாம்பல் நிழல் இருக்கலாம். ஓடித் தேய்ந்த இன்ஜின் ஆயிலில் கரி கலந்திருக்கும், ஆயில் வந்துவிட்டாலும் கரித்தூள் துளைகளிலேயே தங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் கரி வெளுக்காது. உள்ளே ஆயில் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, காய்ந்த தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்றால் ஆயில் இன்னும் இருக்கிறது, உறிஞ்சிக்கொண்டால் போய்விட்டது. நிழலை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தரைக்கு எபாக்ஸி கோட்டிங் பூசப் போகிறவர்கள் மட்டும் இந்தத் தண்ணீர்ச் சோதனை தேறும்வரை விடக்கூடாது, ஆயில் மிச்சமிருக்கும் இடத்தில் எபாக்ஸி பிடிக்காது, டயரோடு உரிந்து வரும்.

உயிருக்கு ஆபத்தான சில சேர்க்கைகள்

பெட்ரோலை எதற்கும் தொடாதீர்கள், தரைக்கும் வேண்டாம் ஸ்பேனருக்கும் வேண்டாம். பெட்ரோல் பூஜ்யத்துக்கு நாற்பது டிகிரி கீழேயே தீப்பிடிக்கும் ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும், போர்டிகோவில் இன்வெர்ட்டரோ மோட்டார் ஸ்விட்சோ இருந்தால் ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய், டர்பன்டைன் இரண்டுமே 35 டிகிரியைத் தாண்டினால் எரியக்கூடிய ஆவி விடலாம். மே மாதத்தில் வெயில் பட்ட நம் ஊர்த் தரை அதைவிடக் கொதிக்கும் என்பதை நினைவில் வைத்து, இந்த வேலையைக் காலையிலேயோ வெயில் தாழ்ந்த பிறகோ, திறந்த வெளியில், நிழலில் செய்யுங்கள்.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய ஷெட்டுக்குள் அது நுரையீரலைத் தாக்கிக் கொன்றுவிடும். பிளீச்சிங் பவுடரில் பிரேக் ஆயில் பட்டால் சற்று நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம், மண்ணெண்ணெயோடும் அதைச் சேர்க்கக்கூடாது. என்னைக் கேட்டால் ஆயில் வேலை நடக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடருக்கே இடமில்லை.

ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ராட்செட்

கிரீஸ் பிடித்த ஸ்பேனர் வழுக்கும், வழுக்கினால் போல்ட்டின் முனை மழுங்கும் அல்லது விரல்முட்டி எங்காவது மோதிக் கிழியும். அதனால் அன்றன்று வேலை முடிந்ததும் ஒரு துடை துடைத்து வைப்பதுதான் பெரிய வேலையைத் தவிர்க்கும் வழி. துடைக்க பனியன் வேஸ்ட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. திருப்பூரில் வெட்டி மிஞ்சிய பருத்தித் துணி, நன்றாக உறிஞ்சும், கிலோ கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாலியஸ்டர் கலந்த துண்டுகளைத் தனியே எடுத்துவிடுங்கள், அவை ஆயிலை இழுக்காது, தேய்த்துப் பரப்பும்.

மாதக்கணக்கில் படிந்ததை எடுக்க, முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு தகர ட்ரேயில் இரும்புச் சாமான்கள் முங்கும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊற வையுங்கள். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது அரிது, பங்க்கில் வாங்கிய டீசலும் போதும், வாடை மட்டும் கொஞ்சம் நிற்கும். பழைய பெயின்ட் பிரஷின் மயிரைப் பாதியாக வெட்டிக் குட்டையாக்கினால் நன்றாகத் தேய்க்கலாம், பல் உள்ள இடங்களுக்கு டூத் பிரஷ். எடுத்துத் துடைத்து, பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த வெந்நீரில் ஒரு முறை கழுவி, உடனே துடைத்து, வெயிலில் கால் மணி நேரம் வையுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் மறுநாளே துரு ஆரம்பிக்கும். நன்றாகக் காய்ந்ததும் இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விட்ட துணியால் மெல்லத் துடைத்து வைத்தால் போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இந்தக் கடைசி வேலையைத் தவறவே விடக்கூடாது, உப்புக்காற்று குரோமியத்தில் விழுந்த சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய்விடும்.

எல்லாவற்றையும் ட்ரேயில் போட்டுவிடாதீர்கள். மரப்பிடிச் சுத்தியலைப் போட்டால் பிடி எண்ணெய் குடித்து வழுக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பிடியில் தின்னரோ அசிட்டோனோ பட்டால் வெளுத்து, வெடிப்பு விட்டு, பிசுபிசுத்துப் போகும், அதற்கு சோப்புத் தண்ணீர் மட்டும்தான். கரன்ட் வேலைக்கு வைத்திருக்கும் பிளேயரின் உறையைத் துடைக்கும்போதே வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கரன்ட் வேலைக்கு இனி அது வேண்டாம். போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சை எந்தத் திரவத்திலும் முக்கக்கூடாது, உள்ளே போட்டிருக்கும் கிரீஸ் கரைந்தால் அளவு தப்பிவிடும். வெளிப்பக்கம் துடைத்து, ஸ்பிரிங்கை அதன் அளவுக்கோட்டின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள். வெர்னியருக்கும் துடைப்பு மட்டுமே.

ராட்செட்டின் தலையில் மூடித் தகடு ஸ்க்ரூவில் இருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் குட்டி ஸ்பிரிங்கும் குண்டும் துள்ளி ஓடும், அதனால் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லிய பூச்சாக வையுங்கள். அள்ளி அப்பினால் பல் ஒட்டிக்கொண்டு கிளிக் விழாது.

அரத்தை மறுபடி ஆயிலில் துடைக்காதீர்கள், ஆயில் இருந்தால் இரும்புத் தூள் பல்லிடுக்கில் ஒட்டும். சோப்பில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பல்லின் போக்கிலேயே பிரஷ் போட்டு, பள்ளிக்கூடச் சாக்பீஸை அதன் மேல் தேய்த்து வையுங்கள். அலுமினியச் சாமான்களை வாஷிங் சோடாத் தண்ணீரில் போடாதீர்கள், கறுத்துவிடும். காஸ்டிக்கில் போட்டால் அரித்தே போய்விடும்.

அள்ளியதை எங்கே போடுவது

நம் போர்டிகோக்களில் பாதிக்குச் சம்ப் மூடி அங்கேயேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமான பிறகு பல வீடுகளில் வாசல் தண்ணீர் மழைநீர்க் குழிக்குத்தான் போகிறது. ஆயில் தண்ணீரை அங்கே விடுவது உங்கள் போர்வெல்லுக்குள்ளேயே ஊற்றுவதற்குச் சமம். வேலை தொடங்கும் முன் சம்ப் மூடியைச் சுற்றி ஈர மணலால் வரப்பு கட்டுங்கள், மழைநீர்க் குழியின் வாயைத் துணிவைத்து அடையுங்கள்.

வேஸ்ட் ஆயில் 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அபாயக் கழிவு. பழைய கேனில் வடித்து மூடி, வேஸ்ட் ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரிடம் கொடுங்கள், அங்கிருந்து அது சுத்திகரிப்புக்குப் போகும். சென்ட்ரிங் ஷீட்டுக்குப் பூசக் கேட்டு வருவார்கள், கரையானுக்கு ஊற்றலாம் என்பார்கள், இரண்டிலும் ஆயில் மண்ணுக்குத்தான் போகிறது, கொடுக்காதீர்கள். ஊற வைத்த டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்தால் அழுக்கு அடியில் தங்கும், மேல்பாகத்தை வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயில் மரத்தூளையும் பனியன் வேஸ்ட்டையும் மூடியுள்ள தகர டின்னில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். மர வேலைக்குப் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ் பட்ட துணியை அதோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது கீழே ஒரு பழைய பிளக்ஸ் பேனரை விரித்துக்கொள்ளுங்கள். ஆயில் அதில் ஊறாது, துடைத்துச் சுருட்டி வைத்தால் வருஷக்கணக்கில் வரும்.

கை

நைட்ரைல் கையுறை போடுங்கள், சாதாரண ரப்பர் கையுறை ஆயிலில் உப்பிக் கிழியும். பழைய இன்ஜின் ஆயில் தோலில் நாள்கணக்கில் படுவது நல்லதல்ல, அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் சேர்ந்திருக்கும். கையில் ஒட்டியதைப் பெட்ரோலாலும் துணி சோப்புத் தூளாலும் கழுவுகிற பழக்கம் தோலை வெடிக்க வைக்கிறது. தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து நகக்கண் வரைக்கும் தேய்த்தால் கறுப்பு இளகும், துணியால் துடைத்துவிட்டு அரப்போ சீயக்காயோ போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்க் குளியலில் தலை எண்ணெயை எடுக்கிற அதே நுரைச் சத்து இங்கும் வேலை செய்யும், தோலும் வறளாது. வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் அரப்புத் தூளைத் தேய்க்காமல், குளியல் சோப்பால் கழுவி மருந்து போட்டுவிடுங்கள்.